சின்ன வீடு, நிறைய பேர்: குழந்தைக்கு வயிற்றுக் கிருமி வர இதுதான் காரணமா?

கேள்வி:
மூத்தவளுக்கு 9 வயது. எண்டோஸ்கோப்பியில் சின்னதாக அல்சர், கூடவே ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. வெளியில் வாங்கிச் சாப்பிட்டதால்தான் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், நாங்கள் வெளியில் சாப்பிடுவதே அபூர்வம். வீட்டில் ஏழு பேர், இரண்டே அறை, பிள்ளைகள் எல்லாரும் ஒரே படுக்கையில். இடநெருக்கடியால் வருமா, தண்ணீரா? 4 வயதுத் தம்பிக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

பின்னிரவு வாசகி:
வீட்டின் அளவை விட, ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயசிலேயே, அதுவும் வீட்டு ஆட்களிடமிருந்தே தொற்றுகிறது. அம்மா, அண்ணன் அக்கா வழியாகத்தான் அதிகம். 1992இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில் பெரியவர்களிடம் அவர்கள் சிறுவயதில் வளர்ந்த வீட்டைப் பற்றிக் கேட்டார்கள்: நெரிசலான வீட்டிலும் வெந்நீர்க் குழாய் இல்லாத வீட்டிலும் வளர்ந்தவர்களுக்கே தொற்று அதிகம். வசதியான நாடுகளில் தாத்தா பாட்டிகளிடம் இருக்கிற அளவுக்குப் பேரப்பிள்ளைகளிடம் இது இல்லை, இத்தனைக்கும் தடுப்பூசி என்று ஒன்றும் வரவில்லை, வீட்டு நிலைமை மாறியதுதான். கழிவுநீர் கலக்கிற இடங்களில் தண்ணீரின் மீதும் சந்தேகம் உண்டு.

குட்டிமேகம்:
வாந்தியை மறந்துவிடாதீர்கள். கிருமி இருக்கிறவர் வாந்தி எடுக்கும்போது அதில் உயிரோடு வெளியே வரும், அதே படுக்கையில் மற்ற பிள்ளைகளும் கிடந்தால் கேட்கவே வேண்டாம். உடனே துணியை மாற்றி, துடைத்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பெரியவர்கள் மென்று ஊட்டுவதையும் விட்டுவிடலாம். தனித்தனியாகப் படுக்க வையுங்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள், அறைக்கு எங்கே போவது?

நர்ஸ் அக்கா:
தொந்தரவு இல்லாத 4 வயதுக் குழந்தைக்குப் பொதுவாக டெஸ்ட் தேவையில்லை, கிருமி இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. யாராவது ரத்தப் பரிசோதனை எழுதினால் ஏன் என்று கேளுங்கள். பழைய தொற்றா இப்போது இருப்பதா என்று அதில் தெரியாது. மூத்தவளுக்கு மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதா என்று பார்ப்பார்கள்.

கேட்டவர்:
சரி. இவள் அப்பா வருஷக்கணக்காக அசிடிட்டி மாத்திரை போடுகிறார், அவரைக் காட்டலாமா?

நர்ஸ் அக்கா:
கட்டாயம். ஆனால் அமிலம் சுரப்பதையே குறைக்கிற ஓமெப்ரசோல் மாதிரி மாத்திரை என்றால், டாக்டரிடம் கேட்டு 2 வாரம் நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுக்கணும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம்.