குளிர்காலம் முழுவதும் பூட்டிக்கிடக்கும் கொட்டேஜில் எலித்தொல்லை: பாஷாணம் வைக்கலாமா?

ஏரிக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் ஹலிபர்ட்டன் பகுதியில், ஏரிக்கரையோரமாக எங்களுக்குப் பழைய மரக் கொட்டேஜ் ஒன்று இருக்கிறது. சீமெந்துத் தூண்களின்மேல் நிற்கும் வீடு. அடியில் ஆள் தவழ்ந்து போகக்கூடிய அளவுக்கு வெளி உண்டு. ஒக்ரோபரில் நன்றி நவிலல் விடுமுறையோடு குழாய்த் தண்ணீரை வடித்து, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தால், மே மாதம் விக்ரோரியா நாள் விடுமுறைக்குத்தான் திறப்போம். அந்தத் தெருவில் பனி அள்ளுவதில்லை என்பதால் இடையில் போய்ப் பார்க்க வழியில்லை.

இந்த முறை திறந்தபோது கரண்டி வைக்கும் லாச்சி நிறையப் புழுக்கை. ஒரு மெத்தையின் மூலையைக் கிழித்துப் பஞ்சை எடுத்திருந்தன. அடுப்பை மூட்டியதும் தாங்கமுடியாத நாற்றம் வந்ததால் அதன் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். சூடு வெளியேறாமலிருக்கச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பஞ்சுக்குள், கடதாசித் துண்டுகளையும் சூரியகாந்தி விதைக் கோதுகளையும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. கண்ணில் பட்ட எலி சிறியது. முதுகு கபில நிறம், வயிறும் பாதங்களும் நல்ல வெள்ளை, கண்கள் பெரியவை.

பூட்டிவிட்டு வரும்போது நான்கு மூலையிலும் எலிப்பாஷாணக் கட்டி வைத்தால் போதும், தின்ற எலி தாகமெடுத்து வெளியே போய்ச் செத்துவிடும் என்கிறார் அயலவர் ஒருவர். எங்களோடு நான்கு வயதுப் பிள்ளையும் வயதான அம்மாவும் வருவார்கள். பாஷாணம் வைக்கலாமா? வேறு வழி உண்டா? இப்போது கிடக்கும் அசுத்தத்தை எப்படித் துப்புரவாக்குவது?

தோட்டக்காரி:

தம்பி, துப்புரவாக்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது அவசரமானது அதுதான். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது நகரத்து வீட்டெலி அல்ல, இங்கே டியர் மவுஸ் என்றும் வைற் ஃபூற்றட் மவுஸ் என்றும் சொல்லப்படும் காட்டுச் சுண்டெலிகளில் ஒன்று. இவற்றுள் டியர் மவுஸ் ஹன்ரா வைரசைக் காவக்கூடியது. கனடாவில் அந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். ஒன்ராறியோவில் அது மிக அரிது என்பதால் பதறத் தேவையில்லை. ஆனால் நுரையீரலைத் தாக்கும் அந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார்கள் என்பதால் அலட்சியமாக இருக்கவும் முடியாது. காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகி மூச்சோடு உள்ளே போவதுதான் தொற்றும் முக்கிய வழி. ஆகவே விளக்குமாறும் வேண்டாம், வக்யூமும் வேண்டாம்.

கதவு யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு அரை மணித்தியாலமாவது வெளியே நில்லுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற அளவில் அன்றன்றைக்குக் கலந்து, இறப்பர் கையுறை போட்டுக்கொண்டு, புழுக்கையும் கூடும் நன்றாக நனையும்படி மெதுவாகத் தெளியுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தூசி கிளம்பும். 5 நிமிடம் ஊறிய பிறகு கடதாசித் துவாயால் வழித்தெடுத்து, இரண்டு பைகளுக்குள் இட்டுக் கட்டி எறியுங்கள். பிளீச்சோடு வினாகிரியோ அமோனியா சேர்ந்த கண்ணாடித் திரவமோ கலந்துவிடக்கூடாது. கிழிந்த மெத்தையை வைத்திருக்காதீர்கள். அடுப்பின் பஞ்சில் சிறுநீர் ஊறிவிட்டால் எதைத் தெளித்தாலும் அந்த நாற்றம் போகாது. பஞ்சை மாற்றவேண்டும், பழைய அடுப்பென்றால் வேறு அடுப்பு வாங்குவதே புத்தி. அம்மாவும் பிள்ளையும் எல்லாம் முடிந்த பிறகு உள்ளே வரட்டும். அடுத்த சில வாரங்களில் யாருக்காவது காய்ச்சலும் தசைநோவும் வந்து மூச்சு வாங்கினால், எலி அசுத்தம் துப்புரவாக்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உளியும்_சுத்தியலும்:

வீடு திருத்தும் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாஷாணமா பொறியா என்பது இரண்டாவது கேள்வி. எலி நுழையும் ஓட்டையை அடைக்காமல் உள்ளே எத்தனையைக் கொன்றாலும், காட்டிலிருந்து அடுத்தது வந்துகொண்டே இருக்கும். சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும். பென்சில் நுழையும் ஓட்டை என்றால் எலியும் நுழையும் என்று கணக்கு வையுங்கள்.

நல்ல வெயில் நேரத்தில் வீட்டுக்கு அடியில் தவழ்ந்துபோய்த் தரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குசினித் தொட்டியின் குழாய், அடுப்புக்கு வரும் எரிவாயுக் குழாய், மின்கம்பி ஆகியவை தரையைத் துளைத்து மேலே போகும் இடங்களில், குழாயைவிடப் பெரிதாகத் துளை போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். எலி அடிக்கடி உரசிப்போகும் விளிம்பில் கறுப்பான எண்ணெய்ப் பிசுக்கும் தெரியும். உங்கள் அடுப்புக்குள் கூடு இருந்திருக்கிறது என்றால் முதலில் அதற்குப் பின்னாலுள்ள துளையைத்தான் தேடுவேன். வெளிச்சுவரில் பிளாஸ்ரிக் சைடிங் பலகை அடித்த வீடென்றால் மூலைகளில் நிமிர்ந்து நிற்கும் பட்டையின் அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே கோறையாக இருக்கும். அதற்குள் ஏறினால் நேரே கூரைவரை போய்விடலாம். பலர் வருடக்கணக்காகத் தேடியும் காணாத வழி அது.

அடைப்பதற்கு, பீய்ச்சினால் ஊதி இறுகும் ஃபோம் மட்டும் போதாது, ஒரே இரவில் கடித்துத் துளைத்துவிடும். சாதாரண ஸ்டீல் வூல் ஈரத்தில் கறள்பிடித்து உதிரும். துளைக்குள் செப்புக் கம்பிப் பின்னலை இறுக்கித் திணித்து அதன்மேல் ஃபோமோ சீலன்ரோ பூசுங்கள். பெரிய இடைவெளிக்கு 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள நாகம் பூசிய கம்பிவலையைத் திருகாணியால் இறுக்குங்கள். காற்றுப் போக விட்ட துவாரங்களை மூடாமல் வலை மட்டும் அடியுங்கள். புரொப்பேன் ஹீட்டரின் புகைக்குழாயில் மட்டும் நீங்களாக வலை அடிக்கவேண்டாம். அது அடைபட்டால் நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும்.

இதற்கு நல்ல காலம் ஓகஸ்ட் கடைசியும் செப்ரெம்பரும். இரவு குளிரத் தொடங்கியதும் அவை இடம் தேடும். அடைப்பதற்கு முன் உள்ளே இருப்பவற்றைப் பொறி வைத்துப் பிடித்துவிடுங்கள். கூரையோரத்தில் வௌவால் இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னக் கபில வௌவால் 2014 முதல் கனடாவின் அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஜூனிலும் ஜூலையிலும் அடைத்தால் பறக்கமுடியாத குஞ்சுகள் உள்ளே சிக்கிச் சாகும்.

வடக்குப்பக்கம்:

அண்ணா சொல்வதெல்லாம் சரி. ஆனால் நூறு ஓட்டையுள்ள பழைய மரவீட்டில் எல்லாவற்றையும் அடைப்பது நடக்கிற காரியமா? நான் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பெட்டியில் வரும் பாஷாணத்தைத்தான் வைத்துவிட்டு வருகிறேன். வசந்தத்தில் புழுக்கை குறைவாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவியையும் சேர்த்து வைக்கலாம்.

உளியும்_சுத்தியலும்:

தம்பி, அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போகிறவர். கருவி எதில் வேலை செய்யும்? மின்சாரம் இருந்தாலும் அதை நம்பமுடியாது. போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இல் அறுபதுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

பாஷாணத்துக்கு வருகிறேன். தாகமெடுத்து வெளியே போய்ச் சாகும் என்பது கதை. பரவலாக விற்கப்படும் பாஷாணங்கள் இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்று சில நாட்கள் கழித்தே எலி சோர்ந்து சாகும். சோர்ந்த எலி கூட்டுக்குத்தான் போகும், கூடு இருப்பதோ சுவருக்குள். அந்தப் பிணத்தைத் தின்னப் பூச்சிகள் வரும்; வசந்தத்தில் யன்னலோரம் ஈக்கள் குவிந்துகிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் காட்டுச் சுண்டெலிகள் சேமித்து வைக்கும் குணமுள்ளவை. மணியாக வரும் பாஷாணத்தைக் காவிக்கொண்டுபோய் வேறிடத்தில் பதுக்கிவிடும். ஒரு கொட்டேஜில் சின்னப்பிள்ளையின் மழைச் சப்பாத்துக்குள், கால் விரல் படும் இடத்தில், பச்சை மணிகளை நானே தட்டிக் கொட்டியிருக்கிறேன். நான்கு வயதுப் பிள்ளை வரும் வீட்டில் இந்த ஒன்றே போதும், நான் வேண்டாம் என்பதற்கு.

மயங்கித் தடுமாறும் எலியைப் பிடிக்கும் ஆந்தைக்கும் நரிக்கும் அந்த நஞ்சு போய்ச் சேர்கிறது. வீரியம் கூடிய இரண்டாம் தலைமுறைப் பாஷாணங்களைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023இல் சில அத்தியாவசியத் தேவைகளுக்கு மட்டுமென்று சுருக்கியது அதனால்தான்.

ஏரிக்கரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. பாஷாணத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஏழு மாதங்கள் யாரும் இல்லாத வீட்டில் பொறி வைத்தால் பலன் உண்டா? ஒரு பொறியில் ஓர் எலிதானே விழும். நப்தலீன் உருண்டைகளை அறையெங்கும் போடுவது பற்றியும் சொல்கிறார்கள்.

தோட்டக்காரி:

நப்தலீன் மூடிய பெட்டிக்குள் துணிப்பூச்சிக்கென்று செய்தது. அறைக்குள் எலியை விரட்டுமளவுக்குப் போட்டால் அந்தக் காற்றை வசந்தத்தில் சுவாசிக்கப்போவது உங்கள் பிள்ளைதான். அதைத் தொடவே வேண்டாம்.

பொறியில் பலன் உண்டு, ஆனால் அண்ணா சொன்னபடி அடைத்த பிறகு, மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்காக மட்டும். விசைப்பலகைப் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும். பீனட் பட்டர் ஒரு பயறளவு போதும், கூட வைத்தால் விசையைத் தொடாமல் நக்கிவிட்டுப் போய்விடும். தொட்டியின் கீழ், அடுப்பின் பின்னால், குளியலறைக் குழாயடி, கட்டிலடி என்று பன்னிரண்டு வரை வைத்தாலும் கூடுதல் இல்லை. உறைகுளிரில் செத்தது மணக்காது. பனி கரைந்தபின்தான் நாறும், அதனால் ஏப்ரலில் தெரு திறந்ததும் ஒரு பகல் போய் எடுத்துவிட்டால் நல்லது. வாளியில் உறையாத் திரவம் ஊற்றி, எலி விழுந்து மூழ்கும்படி வைக்கும் முறையும் இங்கே உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் செய்வதாயின், குழாய்களுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு நிறத் திரவத்தை மட்டும் பாவியுங்கள். கார் இயந்திரத்துக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ளது, நாய் நக்கினால் செத்துவிடும்.

பூட்டும் நாளில் அரிசி, மா, பருப்பு, பறவைத் தீன் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அல்லது தகர டின்னிலும் கண்ணாடிப் போத்தலிலும் வையுங்கள். ரோஸ்ரரின் அடித்தட்டிலுள்ள பாண் துகளையும் மறக்கவேண்டாம். தலையணை, போர்வை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போகட்டும். லாச்சிகளைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தால் கூடு கட்டமுடியாது. விறகைச் சுவரோரம் அடுக்காதீர்கள்.

பொறிகளுக்கு இலக்கம் எழுதி, எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். திறக்கும்போது குளியலறைப் பொறிகளில் மட்டும் எலி விழுந்திருந்தால், அடைபடாத துளை அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அடுத்த ஓகஸ்டில் முதலில் அங்கே தவழ்ந்து பாருங்கள்.