மால்வினா ரெனால்ட்ஸ் இசைத்தட்டு யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். அடுத்த மாதம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி மால்வினா ரெனால்ட்ஸ் பற்றிப் பேசப்போகிறேன். அவர் குரலைக் கேட்கவைக்காமல் பேசினால் வெறும் வாயை மென்ற கதைதான். 1967இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘மால்வினா ரெனால்ட்ஸ் சிங்ஸ் த ட்ரூத்’ இசைத்தட்டு யாரிடமாவது இருந்தால் ஒரு மாலைக்கு இரவல் தாருங்கள். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் துழாவியதில் மலாய்ப் பாடகர் பி. ரம்லீதான் அகப்பட்டார்.

மால்வினா 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பாட்டெழுத வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! 1962இல் டேலி சிட்டி மலைச்சரிவில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளைப் பார்த்து ‘லிட்டில் பாக்ஸஸ்’ எழுதினார். பாலர் பாட்டுப் போலச் சிரித்துக்கொண்டே வந்து நடுத்தர வர்க்கத்தைக் கிள்ளிவிட்டுப் போகும் பாட்டு. அடுத்த ஆண்டே நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் அதைப் பாடிப் பரப்பினார். நம் தாமான்களின், அதாவது குடியிருப்புப் பேட்டைகளின், வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு (அடியேனும் அதில் ஒருவன்) இதற்கு விளக்கவுரை வேண்டாம். மழையைப் பற்றி மெல்லிய குரலில் அவர் எழுதிய இன்னொன்று, உண்மையில் அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கத் தூசியைப் பற்றியது.

இன்னொரு உதவியும் வேண்டும். அவர் பாட்டைத் தமிழாக்கி மேடையேற்ற முறையாக அனுமதி வாங்க வேண்டும் என்பதால், நம் ஊர் வீடுகளைக் கிண்டலடித்துச் சொந்தமாகவே ஒன்று எழுதியிருக்கிறேன். மெட்டுப்போட்டுக் கித்தார் வாசிக்க ஒருவர் தேவை. சம்பளம் இல்லை, நாசி கண்டார் சோறு உண்டு.

தட்டைக் கொடுத்தனுப்பத் தயக்கமாக இருந்தால் நீங்களே கையோடு எடுத்து வாருங்கள். சுழற்றும் கருவி எங்களிடம் இருக்கிறது.