புதுப்பிப்பு: சட்டமும் சங்கீதமும் கூடும் புத்தகங்கள்

சட்டம், கர்நாடக இசை, எழுத்தாளர் வாழ்க்கை மூன்றும் ஒன்றுசேரும் ஆய்வு நூல் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. இரண்டை முடித்தாயிற்று.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’தான் நான் தேடியது. பாரதி மறைந்தது 1921இல். ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்ற அன்றைய கணக்குப்படி 1971 வரை காப்புரிமை நீண்டிருக்க வேண்டும். 1949லேயே சென்னை மாகாண அரசு அதைக் கையகப்படுத்தி, பின்னர் பொதுவுடைமையாக்கிவிட்டது. சிக்கலின் முடிச்சே வேறு: நூல்களின் உரிமை ஓரிடம், பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஏவி. மெய்யப்பனிடம். ஒரே கவிதைக்கு ஏட்டில் ஒரு சொந்தக்காரர், பாட்டில் இன்னொருவர்! துப்பறியும் கதை வேகத்தில் போகிறது.

அடுத்தது, நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர் ஆங்கிலத்தில் எழுதிய முத்துசுவாமி தீட்சிதர் வரலாறு. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தவர், 1944இல் சங்கீத கலாநிதி (சென்னை மியூசிக் அகாடமியின் விருது) பெற்றவர், டி. கே. பட்டம்மாளுக்குத் தீட்சிதர் கிருதிகள் (கர்நாடக இசைப் பாடல்கள்) சொல்லிக்கொடுத்தவர். (இப்படி ஒரு நீதிபதி இனி வாய்ப்பாரா?) வரலாற்று நூலாக அல்ல, பாடாந்தரம் (குரு வழியாக வரும் பாடும் முறை) அறிந்தவரின் சாட்சியமாகவே படித்தேன்.

கையில் இப்போது மூன்று இசைக் கலைஞர்களைப் பற்றிய உ.வே.சா.வின் ‘சங்கீத மும்மணிகள்’. கனம் கிருஷ்ணையர் பகுதியில் இருக்கிறேன். இதில் சட்டம் கிடையாது, பரவாயில்லை. மெட்டுக்கான காப்புரிமை பற்றித் தமிழில் ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.