வட்டத்தின் பரப்பு கேட்டு உங்களைக் கவிழ்த்த கேள்வி எது?

கடைசிபெஞ்ச்:
குரூப் 4. தமிழ் 100, பொது அறிவு 75 முடித்துக் கணக்கு 25-க்கு வரும்போது முக்கால் மணி நேரம் மீதி இருந்தது. அவசரமே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. வட்டப் பூங்கா, 28 மீட்டர், பரப்பு என்ன. 28 ஏழால் வகுபடும் என்று கண்டதுமே ஒரு சந்தோஷம். 784-ஐ 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 2464. முதல் விருப்பமே அதுதான். கருப்புப் பேனாவால் அழுத்தி நிரப்பினேன். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் போனில், "பூங்கா 616 தானே? விட்டம்தானே கொடுத்திருந்தான்?" என்றார். வினாத்தாள் என் பையில்தான் இருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்கவில்லை.

வேப்பமர நிழல்:
எனக்கு மாடு. பெரிய சதுர வயல், ஒரு மூலையில் முளை, 14 மீட்டர் கயிறு, எவ்வளவு பரப்பு மேயும்? முழு வட்டமாகப் போட்டு 616 குறித்துவிட்டேன். விடை கால் வட்டம், 154. வீட்டில் சொன்னபோது அப்பா, "வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவன் காடாச்சே, அங்கே எப்படிம்மா மேயும்?" என்றார். அவர் ஏழாவதோடு நின்றவர். தினமும் அந்த மாட்டை அவிழ்த்துக் கட்டுவது நான்.

கணக்குப்புலி:
தம்பி கடைசிபெஞ்ச், பெருக்க உட்கார்ந்ததே தப்பு. ஆரம் 7 என்றால் 154, இது ஒன்று போதும். 14-க்கு நாலு மடங்கு 616, 21-க்கு ஒன்பது மடங்கு 1386, 28-க்குப் பதினாறு மடங்கு 2464. விருப்பங்களில் 616-உம் 2464-உம் சேர்ந்து நின்றால் ஆரமா விட்டமா என்று பொறி வைத்திருக்கிறான் என்று அர்த்தம், கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும். சுற்றளவு 44 கொடுத்தாலும் ஆரம் 7, பரப்பு 154. 121 பரப்புள்ள சதுரக் கம்பியை வட்டமாக வளைத்தாலும் பக்கம் 11, சுற்றளவு 44, மறுபடி 154. ஆரம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும், 20 கூடினால் 44. தினமும் காலையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முந்தின நாள் ராத்திரி புரோட்டா வேண்டாம். என் அனுபவம் கேட்டால், இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் வட்டம் சரி. தமிழில் போய்விட்டது.

ரயில்வே கனவு:
புலி சார், எல்லாப் பூட்டுக்கும் 154 சாவி ஆகாது. ஆரம் 20, பை 3.14 என்று கொடுத்தால் விடை 1256. நீங்கள் 22/7 போட்டால் 1257 சொச்சம் வரும். என் மாக் டெஸ்ட் ஒன்றில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. சரி, என் கதை. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு, முதல் கட்டம், 100 கேள்வி, 60 நிமிடம். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு எத்தனை சதவீதம் அதிகரிக்கும்? நாலு மடங்கு, 400, கிளிக். மூன்று கேள்வி தள்ளிப் போன பிறகு ‘அதிகரிக்கும்’ என்ற சொல் மண்டையில் இடித்தது. 300! திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்து திரை மாறிவிட்டது. அங்கே தப்புக்கு அரை மார்க் வேறு பிடிப்பார்கள், ஆக மொத்தம் இரண்டரை. குரூப் 4-இல் அந்தக் கழிவு இல்லை. கடைசிபெஞ்சுக்கு ஒன்றரைதானே போனது.

கடைசிபெஞ்ச்:
ஒன்றரைக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டே "தானே" போடுகிறீர்களே அண்ணே. புலி அண்ணன் சொன்னதற்காக இப்போதுதான் வினாத்தாளை எடுத்தேன். 616 மூன்றாவது விருப்பம்.

சும்மா வந்தவன்:
வேப்பமர அக்கா, 14 மீட்டர் கயிற்றில் யார் மாடு கட்டுகிறார்கள்?

வேப்பமர நிழல்:
யாரும் இல்லை. எங்கள் வீட்டுக் கயிறு ஐந்து முழம். அதைக் கேட்டால் ஏழால் வகுபடாதே.