ஸ்கெட்ச் புத்தகத்தில் துள்ளும் பூனை, பெரிய தாளில் பொம்மையாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

தோபாயோ_தூரிகை:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தோ பாயோவில் மூவறை வீட்டில் இருக்கிறேன், வரைவதுதான் தொழில். முன்பெல்லாம் பொங்கல், தீபாவளி வாழ்த்தட்டை, கல்யாணப் பத்திரிகைக்கு மயில், வாழைமரம் என்று போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு இரண்டு பூனைகள் வந்த பிறகு கை வேறு எதையும் வரைய மாட்டேன் என்கிறது. கிச்சு ஆரஞ்சு நிறக் கடுவன், மிளகு கறுப்பு வெள்ளைப் பெட்டை. இரண்டுமே கீழ்த்தளத்தில் சுற்றிக்கொண்டிருந்தவை.

இதுகள் பண்ணுவதைச் சொல்லி மாளாது. மிளகு மேசை விளிம்பில் உட்கார்ந்து அழிரப்பரை ஒரு காலால் மெதுவாகத் தள்ளும், தள்ளும்போது ரப்பரைப் பார்க்காது, என் முகத்தைப் பார்க்கும். கிச்சு நடைபாதைக் கம்பியில் மைனா வந்து உட்கார்ந்தால் போதும், ஜன்னலடியில் பதுங்கிக்கொண்டு பல்லைப் படபடவென்று அடித்து ஒரு சத்தம் போடும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் சோபாவிலிருந்து சமையலறை வரை ஒரே ஓட்டம்.

இதையெல்லாம் சின்ன ஸ்கெட்ச் புத்தகத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கும்போது நன்றாக வருகிறது, பூனைக்கு உயிர் இருக்கிறது. அதையே பெரிய தாளில் வாட்டர்கலராகப் போட உட்கார்ந்தால், கைப்பேசியில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு கவனமாக வரைந்தாலும், சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. வாரக்கடைசி கைவினைச் சந்தையில் பக்கத்து மேசைக்காரர், பூனைக்கு வேட்டி கட்டிவிடுங்கள், சேலை கட்டிவிடுங்கள், ஜோராக விற்கும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

இன்னொன்று. வரைகிற மேசையும் பூனைகள் தூங்குகிற இடமும் ஒரே அறைதான். என்ன பெயின்ட் வைத்துக்கொள்ளலாம், எதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரித்துண்டு:

வணக்கம் அம்மா. நீண்ட காலம் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிப் படத்தை முதலில் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பாய்கிற பூனையைப் படம் பிடித்தால் கால் அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான், அந்தக் கால் எங்கிருந்து வந்தது, எங்கே போகப்போகிறது என்பது படத்தில் இருக்காது. உங்கள் பேனாக் கிறுக்கலில் அது இருக்கிறது, ஏனென்றால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கை பின்னால் ஓடியிருக்கிறது. பெரிய தாளுக்கு அந்தக் கிறுக்கலைத்தான் பெரிதாக்க வேண்டும். ஸ்கெட்சை நகலெடுத்துப் பெரிதாக்கி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்து முக்கியமான மூன்று நான்கு கோடுகளை மட்டும் எடுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

பூனையின் உடம்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நமக்குக் காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் காலர்போன்) தோளோடு சேர்ந்திருக்கிறது. பூனைக்கு அது மிகச் சின்னது, மற்ற எலும்புகளோடு இணையாமல் தசைக்குள் மிதக்கிறது. அதனால்தான் பதுங்கி நடக்கும்போது தோள்பட்டை இரண்டும் முதுகுக்கு மேலே மாறி மாறி ஏறி இறங்கும், தலை நுழைந்த சந்தில் உடம்பும் நுழையும். கிச்சு மைனாவைப் பார்த்துப் பதுங்கும்போது கழுத்துக்குப் பின்னால் அந்த இரண்டு மேட்டைப் பாருங்கள். பொம்மைப் பூனைக்கு முதுகு ஒரே வழவழ வளைவாக இருக்கும், அந்த மேடு வந்துவிட்டால் அது வேட்டைக்குக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பாய்வதற்கு முன் பின்புறத்தை இப்படியும் அப்படியும் அசைத்து, பின்னங்காலை ஊன்றிப் பார்த்துக்கொள்ளுமே, அந்த நொடியை வரையுங்கள். பாய்ந்த பிறகு உள்ளதைவிட அதில்தான் விளையாட்டு அதிகம்.

அப்புறம் 50 வெள்ளி நோட்டு கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். கொடியில் இருக்கும் இரண்டு கிப்பன் குரங்குகள், நம் ஊர் ஓவியர் சென் வென் ஷி வரைந்தவை. 1906இல் பிறந்து 1991இல் மறைந்தவர். பழைய சீன ஓவியங்களைப் பார்த்துக் குரங்கு வரையத் தொடங்கியவர், அது போதாது என்று வீட்டிலேயே கிப்பன்களை வளர்த்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்த நீளக் கையில் எலும்பு தெரியாது, ஆனால் எங்கே மடங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு அந்த வசதி வீட்டிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது எனக்கு ரொம்ப முக்கியம். நம் ஊர்ப் பூனையை நம் ஊர்ப் பூனையாக வரையுங்கள். நிறையப் பேர் வெளிநாட்டு வாழ்த்தட்டையில் வருகிற மாதிரி நீண்ட பஞ்சு வாலோடு வரைகிறார்கள். இங்கே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் பூனைகளில் எத்தனைக்கு வால் நுனி மடங்கியிருக்கிறது, எத்தனைக்குப் பாதி வால்தான், பாருங்கள். தென்கிழக்காசியப் பூனைகளுக்கு அது பிறவியிலேயே வருவது. கருத்தடை செய்த தெருப்பூனைக்குக் காது நுனி நேராக வெட்டியிருக்கும். அதை மறைக்காமல் வரைந்தால், இந்தப் பூனையைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தானாகத் தெரியும்.

வேட்டி சேலை வேண்டாம். பூனை செய்வதே போதும்.

நாலாம்மாடி:

அக்கா, நான் வரைகிற ஆள் இல்லை, எங்கள் புளோக்குப் பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிற ஆள். இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும், அதனால் ரோமத்தில் பட்டது எல்லாம் வயிற்றுக்குள் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சில வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் வேலையை அதன் கல்லீரல் நம்முடையது மாதிரி செய்யாது. டர்பன்டைன், தின்னர் இரண்டும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், எண்ணெய் வண்ணம் போட ஆசை இருந்தால் பூனை நுழையாத இடம் வேறு பாருங்கள். வாட்டர்கலர், குவாஷ் பரவாயில்லை, ஆனால் காட்மியம், கோபால்ட் என்று குழாயில் எழுதியிருக்கும் நிறங்களைப் பயன்படுத்தும்போது தூரிகை கழுவுகிற தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள். பூனைக்குத் தன் கிண்ணத்துத் தண்ணீரைவிட உங்கள் ஜாடித் தண்ணீர்தான் ருசி. மூடி போட்ட ஜாடி வாங்கிவிடுங்கள்.

இங்கே புழுக்கத்தில் வண்ணத்தில் பூஞ்சை பிடிக்கிறது என்று சிலர் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுவார்கள். தயவுசெய்து அது வேண்டாம், பூனைக்கு அது விஷம். யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், அறை மணக்க வைக்கிற டிஃப்யூசர் எல்லாமே அந்தக் கணக்குதான். பூ வைத்து வரைகிற பழக்கம் இருந்தால் லில்லி வாங்காதீர்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். மல்லிகைப் பூவால் கெடுதல் இல்லை, ஆனால் தேக்காவில் வாங்குகிற சரத்தில் இருக்கும் நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். சாமி படத்துக்குப் போடுகிற சரத்தை எட்டாத உயரத்தில் போடுங்கள், எடுத்ததும் மூடி இருக்கிற குப்பைத்தொட்டியில் போடுங்கள். படம் கட்டுகிற நூல், ரிப்பனும் அப்படித்தான்.

காலில் பெயின்ட் மிதித்துவிட்டால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், தின்னர் தொட்டுத் துடைக்கக் கூடாது. நக்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், குழாயையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஜன்னலுக்கும் இரும்புக் கதவுக்கும் வலை போட்டாச்சா? மைனாவைப் பார்த்துப் பாய்கிற பூனை நாலாவது மாடி, பத்தாவது மாடி என்று பார்க்காது. உரிமம் எடுத்துவிட்டீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்க 1989இலிருந்து தடை இருந்தது, 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதி. மைக்ரோசிப் போட்டு உரிமம் எடுக்க வேண்டும், புது விதிக்கு மாறத் தந்த காலம் 2026 ஆகஸ்ட் 31 வரைதான். அந்தத் தடைக் காலத்தில் எத்தனை பேர் ஒளித்து ஒளித்து வளர்த்தார்கள் தெரியுமா? இப்போது நீங்கள் படம் வரைந்து பேரும் போட்டு விற்க முடிகிறது. எனக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

மூன்றாம்_மணி:

கரித்துண்டு ஐயா சொன்னதில் வேட்டி சேலை வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. உடை போடுவது தப்பே இல்லை, எதற்காகப் போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

ஜப்பானில் குனியோஷி என்று ஓர் ஓவியர் இருந்தார், 1798இல் பிறந்தவர், பூனைப் பைத்தியம். 1842 வாக்கில் கபுகி நாடக நடிகர்களின் படங்களை அச்சிடக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. அந்தக் காலத்தில் அவர் நடிகர்களின் முகத்தைப் பூனை முகமாக்கி, உடுப்பும் மாட்டி வரைந்தார். வாங்கின சனங்களுக்கு யார் அது என்று தெரியும். அந்த உடுப்புக்கு ஒரு வேலை இருந்தது. லண்டனில் ஓவியர் லூயிஸ் வெய்ன், நோயில் படுத்திருந்த மனைவிக்காக வீட்டுப் பூனை பீட்டரை வரைய ஆரம்பித்தவர், பின்னால் பூனைகளை மனிதர் மாதிரி விருந்துக்கும் விளையாட்டுக்கும் அனுப்பினார். அதற்கு அடியில் பீட்டரைப் பார்த்து வரைந்த பழக்கம் இருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன், மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? அர்ச்சுனன் தபசுப் பாறையில், பல்லவர் காலத்து ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம், மேலே முனிவர் கையை உயர்த்தித் தவம் செய்கிறார். கீழே யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி அதே மாதிரி தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். ஒரு துணி கிடையாது, ஜடை கிடையாது, நிற்கிற நிலை ஒன்றே போதும், அது தவசியாகிவிட்டது. நான் முதலில் பார்த்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், கூட வந்தவர்கள் கடற்கரைக் கோயிலுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

உங்கள் மிளகு அழிரப்பரைத் தள்ளுவதில் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது. பொருளைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறது என்றீர்களே, அது ஒரு முழு நாடகம். அதைச் சந்தைக்கு ஏற்ற மாதிரி சேலையில் சுற்றினால் சேலைதான் தெரியும், அந்தப் பார்வை போய்விடும். உங்களுக்கு மனசு ஒப்பாததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கரித்துண்டு:

மூன்றாம்_மணி சொல்வது சரி. நிற்கிற நிலையே உடுப்பு மாதிரி வேலை செய்யும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. அந்தச் சிற்பியும் எங்கோ ஒரு பூனை எட்டித் தாவுவதை உட்கார்ந்து பார்த்திருக்கத்தான் வேண்டும்.

தோபாயோ_தூரிகை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி ஐயா சொன்னபடி கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, பெரிய தாளைத் தரையில் விரித்து, கிச்சு பதுங்குகிறபோது தட்டைத் தூரிகையால் முதுகுக் கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தேன். கழுத்துக்குப் பின்னால் அந்த இரண்டு மேடு வந்தது! முகம் வரையவே இல்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துவிட்டு, இது கிச்சுதானே என்றார். மிளகுக்கு வால் நுனி கொக்கி மாதிரி மடங்கித்தான் இருக்கும், இதுவரை அதை நேராக்கியே வரைந்துகொண்டிருந்தேன், இனி அப்படியே விட்டுவிடுவேன். அழிரப்பர் தள்ளுகிற படத்தைத் தனியாக ஒரு வரிசையாகப் போட எண்ணம். ஒன்றில் அழிரப்பர், ஒன்றில் காப்பித் தம்ளர், ஒன்றில் அகல் விளக்கு, எல்லாவற்றிலும் பூனை நம்மைத்தான் பார்க்கும். சந்தைக்கு அதைத்தான் கொண்டுபோகப் போகிறேன், வேட்டி இல்லாமல்.

நாலாம்மாடி, கிராம்பு எண்ணெய்ப் புட்டி என்னிடமும் இருந்தது, வெளியே போய்விட்டது. வலை ஜன்னலுக்கு இருக்கிறது, இரும்புக் கதவுக்கு இந்த வாரம் போடுகிறேன். ஆனால் கிராம்பு எண்ணெய் இல்லாமல் பூஞ்சைக்கு என்ன செய்வது? பிராஸ் பாசாவில் விலை கொடுத்து வாங்கின பருத்தித் தாளில்கூட பழுப்புப் புள்ளி வருகிறது.

நாலாம்மாடி:

அக்கா, அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பூனைக் கழிவுத் தட்டுக்கு வெள்ளைக் கிரிஸ்டல் மணல் விற்கிறார்களே, அது சிலிக்கா ஜெல்தான், புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக வருகிற அதே பொருள். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, பயன்படுத்தாத மணலைத் துணிப்பையில் கட்டி, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் தாளோடு வையுங்கள், பை தாளில் படாமல். சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வண்ணத்தட்டை நன்றாகக் காயவிட்ட பிறகே மூடுங்கள், ஈரத்தோடு மூடினால்தான் பூஞ்சை. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள், இரண்டில் ஒன்று உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும்.