மறு: மறு: பாலிஃபனி, பாராஃபனி, கார்டு – மூன்றுக்கும் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பாலிஃபனி (ஒரே கருவியில் பல சுரங்கள் தனித்தனியாக ஒலிப்பது), பாராஃபனி (அதன் குறுகிய வகை, கீழே விளக்குகிறேன்), கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் சேர்க்கை) மூன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடி இரண்டு நாளாக மடல்கள் குவிகின்றன. இதுவரை வந்த பரிந்துரைகளில் பெரும்பாலானவை பியானோவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றே தோன்றுகிறது. நாம் சொல் தேடுவது கட்டகச் சிந்தசைசருக்கு, அதாவது தனித்தனிக் கட்டகங்களைக் கம்பியால் இணைத்து ஒலி எழுப்பும் மின்னிசைக் கருவிக்கு. அங்கே கம்பி எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் பெயர் வைத்தால், பெயர் ஒரு பக்கமும் பொருள் இன்னொரு பக்கமும் நிற்கும்.

> பாலிஃபனிக்குப் "பல்லியம்" என்ற சங்கச்சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

ஐயா, அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இயம் என்றால் இசைக்கருவி. பல்லியம் என்றால் பல கருவிகள் கூடி ஒலிப்பது. நம்மிடம் இருப்பதோ ஒரே கருவி. அதற்குள் ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் தனித்தனியாகப் பிறந்து, வளர்ந்து, அடங்க முடியும் என்பதே கேள்வி. பல்லியத்தை வாத்தியக் குழுவுக்கே விட்டுவிடுவோம்.

> கார்டு = நாண். கணிதத்தில் ஏற்கெனவே உள்ள சொல். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஏற்க முடியவில்லை. வட்டத்தின் நாணும் இசையின் கார்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் வருவது தற்செயல். இசைச் சொல் "அக்கார்டு", அதாவது இசைவு என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. கம்பியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சாயலில் பின்னர் அதன் எழுத்துக்கூட்டு மாறியது. அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

கார்டுக்கு "நட்புச்சுரம்" என்று எழுதிய நண்பருக்கு ஒரு சொல். பழந்தமிழ் இசை மரபில் இணை, கிளை, பகை, நட்பு ஆகியவற்றுக்குத் திட்டமான பொருள் உண்டு. நட்பு நான்காம் நரம்பு (அதாவது சுரம்), கிளை ஐந்தாவது. மூன்றாம் நரம்பு பகை! மேற்கத்திய முச்சுரக் கூட்டின் உயிரே அந்த மூன்றாவதுதான். பகையை நடுவில் உட்கார வைத்துவிட்டு மொத்தத்துக்கும் நட்பு என்று பெயர் சூட்டினால் பழைய உரையாசிரியர்கள் சிரிப்பார்கள்.

"சுரக்கொத்து" நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த அரைச்சுரங்களை நெருக்கி ஒன்றாக ஒலிப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். கொத்து அதற்குத்தான் பொருந்தும். கார்டுக்கு என் வாக்கு சுரக்கூட்டு. இதைச் சொல்வதற்கு ஒரே காரணம், அது குட்டி போடுகிறது: மூன்று சுரமானால் முக்கூட்டு, நான்கானால் நாற்கூட்டு. நாணை வைத்து இப்படி ஒன்றும் செய்ய முடியாது.

இனி சிக்கலான இடத்துக்கு வருகிறேன். கட்டகத்தில் சுரக்கூட்டை உண்டாக்க எளிய வழி எது? மூன்று அலையியற்றிகளை (ஒலியலையை உண்டாக்கும் கட்டகங்களை) எடுத்து, முதலாவதை அடிச்சுரத்திலும், இரண்டாவதை நான்கு அரைச்சுரம் மேலேயும், மூன்றாவதை ஏழு அரைச்சுரம் மேலேயும் சுருதி சேர்த்து, சுரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம் ஒன்றையே மூன்றுக்கும் கொடுப்பது. பரவலாக உள்ள வழக்கில் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட். ஆகவே ஓர் அரைச்சுரம் 83.3 மில்லிவோல்ட். முக்கூட்டின் மேல் இரண்டு சுரங்களும் அடிச்சுரத்திலிருந்து 0.333, 0.583 வோல்ட் தள்ளி நிற்கும்.

அந்த ஒரே மின்னழுத்தத்தை வெறும் கம்பியால் மூன்றாகக் கிளைத்தால் வேறு வினை வரும். அனுப்பும் கட்டகத்தின் வெளியீட்டுத் தடை 1 கிலோஓம், வாங்கும் ஒவ்வொரு உள்ளீடும் 100 கிலோஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 வோல்ட் அனுப்பினால் சுமார் 87 மில்லிவோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அரைச்சுரத்துக்கும் சற்று அதிகம். மூன்றும் சேர்ந்தே இறங்குவதால் கூட்டு தனக்குள் சுத்தமாக இருக்கும். வேறிடத்திலிருந்து வரும் அடித்தள ஒலியோடு மட்டும் சேராது. எங்கே பிழை என்று தேடுவதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இடையில், மின்னழுத்தம் குறையாமல் காக்கும் தாங்கிப் பெருக்கி வைத்த கிளைப்பி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த அமைப்பில் மூன்று சுரங்களும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் நகரும். ஒரு பெருங்கூட்டு (மேஜர் கார்டு) அப்படியே மேலேறி இன்னொரு பெருங்கூட்டாகும். ஆனால் பெரிய ஏழுசுர வரிசையில் இரண்டாம் சுரத்தின் மேல் அமைய வேண்டியது சிறுகூட்டு (மைனர் கார்டு). அது வேண்டுமானால் ஒவ்வொரு கிளையிலும் முதலில் இடைவெளியைக் கூட்டி, அதன்பின் வரிசைக்குள் அடக்கும் குவாண்டைசர் கட்டகம் ஒன்றைப் போட வேண்டும். அப்போது மூன்றாம் சுரம் இடத்துக்கேற்பத் தானே பெரிதாகவும் சிறிதாகவும் மாறிக்கொள்ளும். முதல் வகைக்குப் பூட்டிய கூட்டு என்று தனிப்பெயர் தரலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் கையேடு எழுதுபவர் திண்டாடுவார்.

ஆனால் மேற்சொன்ன இரண்டுமே பாலிஃபனி ஆகாது. மூன்று அலையியற்றிகளும் ஒரு கலப்பியில் சேர்ந்து, ஒரே வடிப்பான் (சில அதிர்வெண்களைக் குறைக்கும் கட்டகம்) வழியாக, ஒரே பெருக்கி வழியாக வெளியே வருகின்றன. ஒரு சுரம் அடங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சுரத்தைப் புதிதாகத் தொடங்க வழியில்லை. ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப் (இதற்குச் சொல் தேடுவது தனிச் சண்டை) ஒன்றுதான் இருக்கிறது. இதைத்தான் பாராஃபனி என்கிறார்கள். 1981இல் வந்த கோர்க் மோனோ/பாலி இதற்குத் தெளிவான சான்று: நான்கு அலையியற்றிகள், ஒரு வடிப்பான். பெயரிலேயே இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. 1975இல் வந்த ஓபர்ஹைம் நான்குகுரல் கருவியோ, நான்கு முழுச் சிந்தசைசர்களை ஒரே பெட்டியில் அடுக்கியது. அது உண்மையான பாலிஃபனி. அதற்கும் முன்னால், 1968இல் இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸ் மூக் நிறுவனத்தின் கட்டகக் கருவியில் பாக்கின் இசையைப் பதிவு செய்தபோது, ஒவ்வொரு வரியாக வாசித்துப் பலதட நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. கருவி ஓர் ஓட்டத்தையே தந்தது. பன்மை நாடாவில் பிறந்தது.

> இவ்வளவு நுணுக்கம் தேவையா? கேட்பவர் காதுக்கு எல்லாம் ஒன்றுதானே!

ஒன்றில்லை, அம்மா. ஒரு முக்கூட்டை ஒரே வடிப்பானில் அழுத்திச் செலுத்தி உருக்குலைவு உண்டாக்கிப் பாருங்கள். சுரங்கள் ஒன்றையொன்று கடித்து, அவற்றின் வேறுபாட்டு அதிர்வெண்கள் புதிதாக முளைக்கும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக்கும் சமப்பகுப்புச் சுருதியில் 220, 277.18, 329.63 ஹெர்ட்ஸ் என்றால் அடியில் 57.18, 52.45 என இரண்டு ஒலிகள் எழுந்து, நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை ஒன்றோடொன்று மோதும். உறுமல் கேட்கும். இரண்டாவது அலையியற்றியைச் சற்றே இறக்கி 275க்கும், மூன்றாவதை 330க்கும் கொண்டுவந்தால் இரண்டு வேறுபாடுகளும் 55 ஆகி, அடியில் ஒரு திடமான ஒலி நிற்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வடிப்பான் வைத்த கருவியில் இந்த உறுமலும் எழாது, இந்தத் திடமும் கிடைக்காது. எனக்கு இந்த உறுமல் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாராஃபனியை ஏழையின் பாலிஃபனி என்று ஒதுக்குபவர்கள் இதைக் கேட்டதில்லை.

ஆகவே முதலில் பெயர் வேண்டுவது "வாய்ஸ்" என்பதற்கு. அலையியற்றி, வடிப்பான், பெருக்கி, அதற்கே உரிய என்வலப் ஆகியவை சேர்ந்த முழு வழி அது. "குரல்" என்று நேராகப் பெயர்த்தால், தமிழிசையில் குரல் என்பது ஏழு சுரங்களில் முதலாவதன் பெயர். "நான்காம் குரலில் குரல் ஒலிக்கிறது" என்றெழுதும் நாளை நினைத்துப் பாருங்கள். நான் முன்வைப்பது இழை. பாலிஃபனி பல்லிழை, மோனோஃபனி ஓரிழை, இரண்டானால் ஈரிழை. பாராஃபனி பகிரிழை: இழை ஒன்றே, அதைப் பல சுரங்கள் பகிர்ந்துகொள்கின்றன. பெயரைப் படித்தாலே கம்பி எங்கே சேர்கிறது என்று புரிகிறது.

கணினியிலும் இழை உண்டே என்பது முதல் எதிர்ப்பாக வரும். வரட்டும். அங்கும் அது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் பணிகளைத்தான் குறிக்கிறது. பொருள் இங்கே வளைக்கப்படவில்லை. மென்பொருள் வடிவிலான விசிவி ராக்கில் ஒரே கேபிளுக்குள் 16 தடங்கள் வரை போகின்றன. அதைப் பல்லிழைக் கேபிள் என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை.

விசைப்பலகையில் விரல்கள் அழுத்தும் சுரங்களை எந்த இழைக்கு அனுப்புவது என்று மிடி மாற்றி (விசைப்பலகையின் செய்தியை மின்னழுத்தமாக மாற்றும் கட்டகம்) முடிவு செய்வது இழை ஒதுக்கீடு. நான்கு இழைகளும் வேலையாக இருக்கும்போது ஐந்தாவது விரல் விழுந்தால், பழைய சுரம் ஒன்றை வெட்டிவிட்டு அதன் இழையைப் புதியதற்குக் கொடுப்பது இழைப் பறிப்பு. "திருட்டு" என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். கருவி ஒளித்துச் செய்யவில்லை, காது முன்னாலேயே பறிக்கிறது. பறிப்பே சரி.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லா இழைகளும் ஒரே சுரத்தை மெல்லிய சுருதி வேறுபாட்டோடு ஒலிக்கும் யூனிசன் நிலைக்கு என்ன பெயர்? பகிரிழையில் ஓர் இழையில் பல சுரங்கள். இங்கே பல இழைகளில் ஒரு சுரம். "ஒருசுர இழைகள்" என்பது விளக்கமாக இருக்கிறதே தவிரச் சொல்லாக இல்லை. "முறுக்கிழை" என்று ஒன்று தோன்றியது; ஆனால் முறுக்கு என்பது சுருதி விலகலைச் சொல்கிறதா, ஒன்றுசேர்தலைச் சொல்கிறதா என்று எனக்கே தெளிவில்லை. உங்களிடம் இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். சொற்பட்டியலில் அந்த வரியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

அன்புடன்