வீக் சிம்பல் முகவரிச் சோதனையைக் கம்பைலர் நீக்கலாமா?

யீஷூன்_குமார்:
இது கம்பைலரின் (சி நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருளின்) பிழைதான். சிங்கப்பூர் உபியில் நாங்கள் செய்யும் லினக்ஸ் பெட்டியில் ஒரு மாடலுக்கு மட்டும் காலிப்ரேஷன் டேபிள் (அளவுத் திருத்த அட்டவணை) உண்டு. அதை வீக் (வரையறை இல்லாமலும் போகலாம்) என்று அறிவித்து, முகவரி பூஜ்யமா என்று பார்த்துவிட்டுத்தான் படிக்கிறோம். டேபிள் இல்லாத மாடலில் லிங்க் (ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒரே நிரலாகச் சேர்ப்பது) ஒழுங்காக முடிகிறது, ஓட்டினால் செக்மெண்டேஷன் ஃபால்ட் (தவறான முகவரியைத் தொட்டதால் நிரல் நிற்பது). கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியைப் பார்த்தால் சோதனையையே காணோம்! சிப் நிறுவனம் கொடுத்த பழைய ஜிசிசி கம்பைலர்.

தோபாயோ_மீனா:
வீக் பிரக்மா (வீக் என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி) ஃபைலில் எங்கே இருக்கிறது தம்பி?

யீஷூன்_குமார்:
கடைசியில், அக்கா.

தோபாயோ_மீனா:
அப்படியென்றால் கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பொருளின் முகவரியும் நல் பாயிண்டருக்கு, அதாவது எதையும் சுட்டாத முகவரிக்கு, சமமாகாது என்பது சி மொழி தரும் உத்தரவாதம். வீக் என்பது அந்தத் தரத்துக்கு வெளியே உள்ள நீட்சி. சோதனை வரும் இடத்தில் அது சாதாரண அறிவிப்பாகத்தான் தெரிந்தது, அதனால் விடை எப்போதும் 'உண்டு' என்று கம்பைலர் முன்கூட்டியே முடிவு செய்து சோதனையை நீக்கிவிட்டது. ஃபைலின் தொடக்கத்தில் சேரும் ஹெடரிலேயே வீக் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வராது. '-Wall' என்ற எச்சரிக்கைக் கொடி போட்டுத் தொகுத்தால், இந்த முகவரி ஒருபோதும் நல் ஆகாது என்று எச்சரிக்கையும் வரும். அதை யாரும் படிப்பதில்லை.

யீஷூன்_குமார்:
அதே கம்பைலர்தான் ஆப்ஜெக்ட் ஃபைலில் அந்தச் சிம்பலை வீக் என்று எழுதியது. என்எம் (சிம்பல்களைப் பட்டியலிடும் கருவி) போட்டுப் பார்த்தேன். ஈஎல்எஃப் (லினக்ஸின் ஆப்ஜெக்ட் ஃபைல் வடிவம்) விதிப்படி யாரும் வரையறுக்காத வீக் சிம்பலின் மதிப்பு 0. ஒரு கையால் 'இல்லாமலும் போகலாம்' என்று எழுதிவிட்டு, மறு கையால் 'கட்டாயம் இருக்கும்' என்று சோதனையை அழிப்பது எப்படிச் சரியாகும்? பிரக்மா தாமதமாக வந்தால் அங்கேயே மறுத்திருக்க வேண்டும்.

பொங்கோல்_ரவி:
குமார் கேட்பது புதிய ஜிசிசியில் இருக்கிறது. முகவரி பூஜ்யமாகாது என்று ஒருமுறை முடிவெடுத்துவிட்டால், பிறகு அதை வீக் ஆக்க விடாமல் பிழை காட்டி நிறுத்திவிடும். இன்னொன்று, ஸ்டாட்டிக் லைப்ரரியில் (லிங்க் செய்யும்போதே நிரலில் சேரும் தொகுப்பில்) வரையறை இருந்தாலும், வீக் குறிப்பு மட்டும் அதை உள்ளே இழுக்காது. லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சியும் அதன் த்ரெட் லைப்ரரியான பித்ரெட்டும் தனித்தனியாக இருந்தபோது ஸ்டாட்டிக் லிங்கில் இதனால் பலர் அவதிப்பட்டார்கள், 2021இல் கிளிப்சி 2.34 பதிப்பில்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். காலி டேபிள் ஒன்றை வீக் வரையறையாக வைத்தால் பூஜ்யச் சோதனையே தேவையில்லை.

தோபாயோ_மீனா:
பிழை காட்டுகிறது என்றால், தப்பு நீங்கள் எழுதிய வரிசையில்தான் என்று அதுவே சொல்கிறது.

யீஷூன்_குமார்:
இல்லை அக்கா, முன்பு சத்தமில்லாமல் தவறான இயந்திர நிரல் வந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பிரக்மாவை ஹெடருக்கு மாற்றுகிறேன். சிப் நிறுவனத்திடம் புதிய டூல்செயினும் (கம்பைலர், லிங்கர் அடங்கிய தொகுப்பு) கேட்கப் போகிறேன்.